கால் வலிக்குக் காரணம்

"டாக்டர், இந்த ரெண்டு மாத்திரையையும் இன்னைக்கே நிறுத்துங்க. மனுஷன் மாடிப்படி ஏற முடியாம தவிக்கிறாரு!"

உள்ளே நுழைந்ததுமே மனைவி பொரிந்து தள்ளினாள். பக்கத்தில் அவள் கணவர், பல வருடங்களாகப் பஸ் ஓட்டுபவர், பிடித்து வைத்த பிள்ளையார் போல உட்கார்ந்திருந்தார்.

டாக்டருக்குப் பகீரென்றது. டிரைவரின் அண்ணன் சின்ன வயதிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர். இவருக்கும் ரத்தத்தில் கொழுப்பு எக்கச்சக்கம். முதலில் கொடுத்த ஒற்றை மாத்திரை வீரியமானது. கொழுப்பு இறங்கியது, கால் வலி வந்து சேர்ந்தது. அதனால் அதன் அளவைப் பாதியாக்கி, வேறு விதமாக வேலை செய்யும் இன்னொன்றைச் சேர்த்துக் கொடுத்திருந்தார். எல்லாம் சுமுகமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. இப்போது மறுபடியும் வலியா?

"ஒண்ணு ஈரல்ல கொழுப்பு உருவாகறதைக் குறைக்கும்மா. இன்னொண்ணு சாப்பாட்டுல இருந்து உடம்புல சேர்றதைத் தடுக்கும். ரெண்டும் கூட்டுச் சேர்ந்தா சின்ன அளவே போதும். ரிசல்ட்டும் பிரமாதமா இருக்கு."

"ரிசல்ட்டை வச்சுக்கிட்டு நடக்க முடியுமா? மாத்திரைதான் காரணம்னு இவரே சொல்றாரு. நாளையில இருந்து தொடவே மாட்டாராம்!"

டிரைவர் தலையாட்டினார். டாக்டரின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

"நீங்களே பேசிக்கங்க. நான் வெளிய போய் என் எடையைப் பாத்துட்டு வர்றேன்" என்று மனைவி விருட்டென எழுந்து போனாள்.

கதவு மூடியதும் டாக்டர் குனிந்து, வேட்டியை விலக்கிக் காலைப் பார்த்தார். "முழங்கால்ல என்ன இவ்வளவு சிராய்ப்பு?"

டிரைவர் கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். "அவகிட்ட சொல்லிடாதீங்க டாக்டர். சைக்கிள் கத்துக்கறேன்."

"பஸ் ஓட்டறவருக்குச் சைக்கிள் தெரியாதா?"

"பஸ்ஸுக்கு ஆறு சக்கரம், தானா நிக்குது. சைக்கிள் நிக்க மாட்டேங்குதே! கல்யாணத்துக்கு முன்னாடி, சைக்கிள் பந்தயத்துல நான்தான் எப்பவும் முதல்னு அவகிட்ட அளந்து விட்டுட்டேன். நீங்க சைக்கிள் மிதிக்கச் சொன்னதுல இருந்து, ஜோடியா போகலாம்னு குதிக்கிறா. அதான் விடியக்காலையில டிப்போவுல பழகறேன். கால் வலிக்கு என்ன காரணம் சொல்றது? மாத்திரை மேல பழியைப் போட்டுட்டேன்."

"பொய்யைக் காப்பாத்த உயிரையா கொடுப்பீங்க?"

டாக்டர் ரத்தப் பரிசோதனை முடிவை இன்னொரு முறை பார்த்தார். தசையில் கோளாறு எதுவும் இல்லை. போன உயிர் திரும்பி வந்தது போலிருந்தது.

"ரெண்டையும் ஒழுங்கா சாப்பிடுங்க. சைக்கிள் தொடாத நாள்லயும் வலிச்சா, நீங்களா நிறுத்தாம உடனே இங்க வாங்க. உங்க ரகசியம் வெளிய போகாது."

டிரைவர் கும்பிடாத குறையாக நன்றி சொல்லிவிட்டு, நொண்டியபடியே உற்சாகமாக மருந்து வாங்கப் போனார்.

அடுத்த நிமிடம் கதவிடுக்கில் மனைவியின் தலை தெரிந்தது.

"சொல்லிட்டாரா டாக்டர்?"

"எ... எதைம்மா?"

"சைக்கிளைத்தான்! எனக்கு முதல் நாளே தெரியும். நான் கேட்டா வெட்கப்பட்டுச் சைக்கிளை விட்டுடுவாரு, கேக்காம விட்டா சொன்ன பொய்யைக் காப்பாத்த மாத்திரையை விட்டுடுவாரு. அதான் அவர் வாயாலேயே உங்ககிட்ட சொல்லட்டும்னு, நிறுத்தச் சொல்லிச் சண்டை போட்டேன்" என்றவள், குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "கொஞ்சம் ஓவரா நடிச்சுட்டேனா டாக்டர்?"