சிப்பைக் காணோம்

"தம்பி, லைட்டு எரியுமா, எரியாதா? ஒரே வார்த்தையில சொல்லு!"

ரதத்துக்குப் பக்கத்தில் மடிக்கணினியோடு சம்மணம் போட்டிருந்த நிவேந்திரன் தலையை நிமிர்த்தவில்லை. "எரியும் தலைவரே."

"காலையிலேர்ந்து இதையேதான் சொல்றே!"

மலேசியாவில், டுரியான் துங்காலுக்குப் பக்கத்துத் தோட்டக் கோயிலில் அன்று விஜயதசமி. இருட்டியதும் அம்மன் ரதம் புறப்பட வேண்டும். ரதம் முழுக்கக் குட்டிக் குட்டி பல்பு கட்டியாகிவிட்டது. அவற்றை அலை அலையாக ஓடவிடும் சர்க்யூட் போர்டையும் பொருத்தியாயிற்று. போர்டில் இருக்கிற சிப்புக்குள் புரோகிராமை ஏற்றுவது ஒன்றுதான் பாக்கி. அது ஏறாவிட்டால் அம்மன் இருட்டில்தான் ஊர்வலம் போகவேண்டும்.

ஏற்றுகிற சாப்ட்வேரோ விண்டோஸில் மட்டும்தான் ஓடும். நிவேந்திரனோ லினக்ஸ் பக்தன். "என் லேப்டாப்புல விண்டோஸ் காலடி வைக்காது" என்று கமிட்டிக் கூட்டத்தில் மார்தட்டியவன். போன வருஷம் விளக்கு வேலையைப் பார்த்த விமலனை ஓரம் கட்டிவிட்டு, இந்த வருஷம் தானே செய்வதாக ஏற்றுக்கொண்டான்.

வீம்பு மட்டும் காரணமில்லை. கோயில் தலைவர் புவனேஸ்வரனின் மகள் ஷாமினியை அவன் பெண் கேட்டிருந்தான். "மொதல்ல ரதம் நல்லபடியா முடியட்டும். அப்புறம் பேசுவோம்" என்று சொல்லியிருந்தார் தலைவர்.

"இப்ப என்னாதான் செய்யறே?" தலைவர் குனிந்து பார்த்தார்.

"வைன் போட்டிருக்கேன் தலைவரே."

"அடப்பாவி! அம்மன் சன்னதியில உக்காந்துக்கிட்டா?"

"ஐயையோ, அது சாப்ட்வேர் பேரு! விண்டோஸ் சாமானை லினக்ஸ்லயே ஓட வைக்கிறது. ஓடுது பாருங்க. கேபிளைக்கூடக் கண்டுபிடிச்சிருச்சு. ஆனா சிப்பைத்தான் காணோங்குது."

"கண்ணு முன்னால இருக்கு, காணோம்னா?"

நிவேந்திரன் பழைய வைனைத் தூக்கிவிட்டுப் புது வைன் போட்டான். சிப்பைக் காணோம். இணையத்தில் யார் யாரோ சொன்ன வைத்தியமெல்லாம் செய்தான். சிப்பைக் காணோம். நாதஸ்வரக்காரர்கள் வந்து இறங்கி, டீயும் குடித்து முடித்துவிட்டார்கள்.

"பேசாம விமலனுக்கு ஒரு போன் போடு தம்பி."

"அவன் கிண்டல் பண்ணியே கொன்னுடுவான்."

"அவன் கொன்னா பரவாயில்ல. லைட்டு எரியலன்னா நானே கொன்னுடுவேன். அப்புறம் எந்தப் பேச்சும் கிடையாது, ஆமா."

எந்தப் பேச்சு என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. நிவேந்திரன் போனை எடுத்தான்.

மோட்டாரில் வந்து இறங்கிய விமலனுக்கு வாயெல்லாம் பல். "என்னா ப்ரோ, இப்பவாச்சும் விண்டோஸ் வேணுமா? வாயைத் திறந்து சொல்லுலா, கேப்போம்."

"வேணும்லா. உன் லேப்டாப்பைக் குடு."

"என்னோடது ஆபீஸ் லேப்டாப். வெளி சாப்ட்வேர் எதையும் போட விடாது." விமலன் சட்டைப் பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்து ஆட்டினான். "இதுல விண்டோஸ் இருக்கு. உன்னோடதுலயே போட்டுடலாம்."

"லினக்ஸ் பக்கத்துலயே போட முடியுமா?"

விமலன் மடிக்கணினியைத் தட்டிப் பார்த்தான். "எங்க ப்ரோ, இடமே இல்ல. மொத்தத்தையும் அழிச்சாத்தான் உண்டு. காப்பி எடுத்து வெச்சிருக்கேல்ல?"

"இல்ல. லினக்ஸ் படுக்காதுன்னு நெனச்சேன்."

படிக்கிற காலத்திலிருந்து அவன் எழுதிய புரோகிராம் எல்லாம் அதில்தான் இருந்தன. நிமிர்ந்தால், தலைவர் கையைக் கட்டிக்கொண்டு முறைத்தபடி நிற்கிறார். அவருக்குப் பின்னால் பூத்தட்டோடு ஷாமினி.

"அழி" என்றான்.

"போலே, அழிச்சிடலாம்! நீயே உன் கையால அமுக்கு ப்ரோ. அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது."

அமுக்கினான். பெற்ற பிள்ளையைத் தத்துக் கொடுக்கிறவன் மாதிரி, கண்ணை மூடிக்கொண்டுதான் அமுக்கினான். விண்டோஸ் ஆற அமர ஏறி உட்கார்ந்தது. விமலன் பென்டிரைவிலிருந்த சாப்ட்வேரையும் போன வருஷத்து விளக்குப் புரோகிராமையும் ஏற்றி, பட்டனைத் தட்டினான்.

சிப்பைக் காணோம்.

விமலன் முகத்தில் இருந்த சிரிப்பும் காணாமல் போயிற்று. மறுபடி தட்டினான். கணினியை அணைத்து, திரும்பப் போட்டுத் தட்டினான். ம்ஹூம்.

கடைசியில், காலையில் செருகியதிலிருந்து யாரும் தொடாத கேபிளைப் போர்டிலிருந்து பிடுங்கினான். அதன் முனையிலிருந்த ஊசிகள் எல்லாம் மஞ்சளாக இருந்தன. முகர்ந்து பார்த்தான். நிவேந்திரன் மூக்கருகிலும் நீட்டினான்.

"என்னா ப்ரோ இது, கமகமன்னு இருக்கு?"

போர்டில் ஊசி நுழைகிற ஓட்டைகளிலும் அதே மஞ்சள், காய்ந்து கெட்டியாக. விமலன் பல்குச்சியால் சுரண்டினான். ஊசிகளைத் துடைத்தான். செருகி, பட்டனைத் தட்டினான்.

அடியிலிருந்து உச்சிவரை ரதம் அலை அலையாக மின்னியது. நாதஸ்வரம் தன்னால் கிளம்பியது. ஷாமினி பூத்தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினாள்.

"இவ்வளவுதானா? அப்படின்னா காலையிலயே உன் லினக்ஸ்லயே ஏறியிருக்குமே ப்ரோ!" என்றான் விமலன்.

நிவேந்திரனுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "எவன்டா இந்த ஓட்டையில கொண்டாந்து சந்தனத்தை அப்பினவன்? அவனை மட்டும் என் கையில குடுங்க!"

தலைவர் புவனேஸ்வரன் பூரிப்போடு முன்னால் வந்து, வருங்கால மருமகனின் தோளில் கை போட்டார்.

"நேத்து ஆயுத பூசையில நானேதான் வெச்சேன் மாப்ளே. உன் வேலைக்கு ஒரு தடங்கலும் வந்துடக் கூடாதுன்னு, ஒரு ஓட்டை பாக்கியில்லாம அழுத்தி அழுத்தி வெச்சேன்!"