பின்சீட்டு ஹெல்மெட்

பின்சீட்டு ஹெல்மெட்டின் பட்டை அகிலாவின் தாடைக்கு எட்டவில்லை. போன ஞாயிறு எட்டியிருந்தது. "ஏங்க, இத யாரு இறுக்குனது?" என்று கேட்டாள். பைக்கைக் கிளப்பிக்கொண்டிருந்த தயாளன் திரும்பாமலே, "நீதான் வெயிட் போட்டுட்ட," என்றான். புருஷன் சொன்னதை மறுக்காமல் இரண்டு விரல் அகலம் தளர்த்திப் போட்டுக்கொண்டாள். அடுத்த ஞாயிறு பட்டை மறுபடி இறுகியிருந்தது. பிறகு அதுவே வழக்கமாயிற்று. இடைப்பட்ட நாட்களில் சின்ன முகத்துக்காரி ஒருத்தி இறுக்குவாள். ஞாயிறன்று அம்மா வீட்டுக்குக் கிளம்பும்போது அகிலா தளர்த்துவாள். ஒருமுறை ஹெல்மெட்டுக்குள் மல்லிகை வாசம் அடித்தது. நல்ல பூ என்று நினைத்துக்கொண்டாள்.

ஐப்பசியில் ஒரு ஞாயிறு பட்டை கச்சிதமாகப் பொருந்தியது. அடுத்த ஞாயிறும் அப்படியே. தயாளன் சோற்றைப் பிசைந்துவிட்டுச் சாப்பிடாமலே எழுந்தான். கேட்டதற்கெல்லாம் "ம்" என்றான். அகிலா சந்தோஷப்பட்டுப் பார்த்தாள். சந்தோஷம் வரவில்லை. இப்போது அந்த வீட்டில் இரண்டு பேரும் தனியாக இருந்தார்கள்.

புதன்கிழமை காலை அவன் குளிக்கும்போது, பட்டையை இரண்டு விரல் இறுக்கி ஆணியில் மாட்டிவைத்தாள். ஆபீசுக்கு இன்னமும் தினம் இரண்டு ஹெல்மெட்டையும்தான் எடுத்துப்போகிறான். கையில் எடுத்தவன் அப்படியே நின்றான். பட்டையை விரலால் அளந்தான். முகத்தில் களை வந்தது.

"இத யாரு இறுக்குனது?"

"நான்தாங்க," என்றாள் அகிலா. "எளச்சிட்டேன்ல."