உட்கார்ந்தே இருக்கணும்!

“எழுந்திரிக்கக் கூடாதுன்னு சொன்னேன்ல? உக்காருங்க!”

அதட்டலைக் கேட்டு ரேவதி நிமிர்ந்து பார்த்தாள்.

அதட்டியது ஓவியா. முந்தாநாள் வரை ட்ரெய்னி. அன்று சாயங்காலமே ரெஜிஸ்ட்ரேஷன் வந்துவிட்டதால் இன்று முதல் முழு நர்ஸ். புத்தம் புது பேட்ஜ் குத்திக்கொண்டு, காலையிலேயே வார்டு முழுக்க லட்டு கொடுத்துவிட்டாள். கால் தரையில் நிற்கவில்லை.

அதட்டு வாங்கியது ஆயா தனம். ஓவியாவுக்கு அம்மா வயசு இருக்கும்.

ரேவதியின் அப்பா கோதண்டராமன் ஆபரேஷன் முடிந்து அரை மயக்கத்தில் கிடந்தார். சலைன் ஊசியைப் பிடுங்கப் பார்க்கிறார் என்று, பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு தனத்தை உட்கார வைத்திருந்தாள் ஓவியா.

அது சரிதான். ஆனால் அதற்காக இப்படியா?

எதிர்க் கட்டிலில் யாரோ வாந்தி எடுத்தார்கள். தனம் பதறி எழுந்தாள்.

“சிஸ்டர், நான் தொடைக்கறேன் சிஸ்டர்...”

“உங்களுக்கு நான் குடுத்த வேலை இன்னா?”

“ஐயாவைப் பாத்துக்கறது.”

“அதை மட்டும் பாருங்க. மறுபடி எழுந்தீங்க, நான் பொல்லாதவளா ஆயிடுவேன்!”

ஓவியாவே மாப்பை எடுத்துக்கொண்டு ஓடினாள். பெட்பேனையும் அவளே தூக்கினாள். வியர்த்து ஊற்றியது.

‘இவ ஓடி ஓடி நல்ல பேர் வாங்கறதுக்கு, அந்தம்மாவை ஸ்கூல் பிள்ளை மாதிரி உக்கார வெச்சு அவமானப்படுத்தணுமா?’

ரேவதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“ஏம்மா, இந்தச் சின்னப் பொண்ணுகிட்ட எதுக்கு இவ்ளோ பயப்படறீங்க? சிஸ்டர் சிஸ்டர்னு வேற!”

தனத்தின் முகம் மலர்ந்துவிட்டது. “பின்ன இன்னாம்மா? முந்தாநாள் வரைக்கும் பாப்பான்னு கூப்ட்டேன். இனிமே சிஸ்டருதான்!”

இதில் சிரிப்பு வேறு. ரேவதி நேராக நர்ஸிங் சூப்பரண்டின் அறைக்குப் போனாள். ஆள் இல்லை. வாசலில் இருந்த பெண்ணிடம், “மேடம் வந்ததும் வரச் சொல்லுங்க. ஒரு கம்ப்ளெயின்ட் இருக்கு” என்று சொல்லிவிட்டு வந்தாள்.

காலையில் அந்த சூப்பரண்டு அருணாதேவி எல்லோர் முன்னாலும் ஓவியாவிடம் சொன்னது ரேவதியின் காதிலும் விழுந்திருந்தது: “இன்னிக்கு ஒருநாள் வார்டைப் பாரு. கம்ப்ளெயின்ட் வரலைன்னா சார்ஜ் உனக்கு. வந்துதுன்னா, மறுபடி சீனியருக்கு எடுபிடிதான்.”

எடுபிடியாகவே இருக்கட்டும். அப்போதுதான் புத்தி வரும்.

அப்பாவுக்கு வாய் துடைக்கப் போனபோது ஃபிளாஸ்க் மூடி கை நழுவிக் கட்டிலுக்கு அடியில் உருண்டது. ரேவதி குனிந்தாள்.

தனத்தின் கால்கள் தரையில் இல்லை. கட்டிலின் குறுக்குக் கம்பியில் தூக்கி வைத்திருந்தாள். இரண்டு பாதங்களிலும் கனமான கட்டு. கட்டையும் மீறி நீர் கசிந்திருந்தது.

“ஐயோ, இன்னாம்மா இது?”

“சத்தம் போடாதம்மா. நேத்து வெறுங்கால்ல கிரிவலம் வந்தேன். பௌர்ணமி வரைக்கும் காத்திருக்க மனசு கேக்கல. நைட் ட்யூட்டி முடிச்சு நேரா கெளம்பிட்டேன். அடி அண்ணாமலை தாண்டறதுக்குள்ள தார் ரோடு கொதிக்குது. பாதம் பூரா கொப்புளம்.”

“லீவு போட வேண்டியதுதானே?”

“கால் சரியில்லன்னு தெரிஞ்சா வேற ஆளைப் போட்டுடுவாங்கம்மா. ஆயா வார்டுல சும்மா உக்காரவும் கூடாது. பேஷண்டுக்குக் காவல் வெச்சா மட்டும்தான் உக்காரலாம். சிஸ்டருதான் கட்டுப் போட்டு, இப்படி ஒரு வேலையும் குடுத்துச்சு. எனக்குத்தான் பழக்க தோஷம், எழுந்து எழுந்து நிக்கறேன்.”

ரேவதி மூடியை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

அதற்குள் அருணாதேவி வந்து நின்றாள். “என்ன ஓவியா இது? ஆயா உக்காந்திருக்கா, நர்ஸ் பெட்பேன் தூக்கறா? எல்லாம் தலைகீழா இருக்கு!”

ஓவியாவின் கை தானாகப் பேட்ஜைத் தொட்டது. “பேஷண்ட் சலைனைப் பிடுங்கறாரு மேடம். ஆயாவைக் காவலுக்குப் போட்டது நான்தான்.”

அருணாதேவி ரேவதியிடம் திரும்பினாள். “கம்ப்ளெயின்ட்னு சொன்னது நீங்கதானே? சொல்லுங்க.”

ஓவியாவின் முகம் வெளுத்தது.

“ஆமா மேடம்” என்றாள் ரேவதி. “இந்த ஆயா அடிக்கடி எழுந்து எழுந்து நிக்கறாங்க. எங்கப்பா ஊசியைப் பிடுங்கிடுவாரோன்னு பயமா இருக்கு. ட்யூட்டி முடியற வரைக்கும் உக்காந்தே இருக்கச் சொல்லுங்க.”

“கேட்டியா தனம்? அசையக் கூடாது!” என்று அதட்டிவிட்டு, அருணாதேவி ஓவியாவின் தோளில் தட்டினாள். “பரவால்லியே, யாருக்கு எந்த வேலையைக் குடுக்கணும்னு தெரிஞ்சிருக்கு. நாளையிலிருந்து சார்ஜ் எடுத்துக்கோ.”

அவள் தலை மறைந்ததும் ஓவியா சின்னதாக ஒரு குதி குதித்தாள். ரேவதியைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, அடுத்த கட்டிலுக்கு ஓடினாள்.

ரேவதி தனத்தின் பக்கம் சாய்ந்தாள். “இந்த வெயில்ல சுத்தற அளவுக்கு அப்படி இன்னாம்மா வேண்டுதல்?”

தனம் ஓவியா போன திசையையே பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

“எம் மவனுக்குன்னு சிஸ்டர்கிட்ட பொய் சொல்லி வெச்சிருக்கேன், நீ காட்டிக் குடுத்துடாத. அந்தப் பாப்பாவுக்கு பேட்ஜ் வந்துட்டா மலையைச் சுத்தி வரேன்னு வேண்டிக்கிட்டேம்மா!”