திறக்காத ஃபோல்டர்

அக்காவின் கணினி மறுபடியும் அதையே சொன்னது: அனுமதி இல்லை.

தங்கை உதட்டைக் கடித்தாள். அவளுடைய பெட்டிகள் கதவோரம் டேப் ஒட்டித் தயாராக இருந்தன. கீழே தெருவில் வண்டி வந்து நின்றாகிவிட்டது.

அவளுடைய பொருட்களில் கணினி மட்டும்தான் இன்னும் மேசையில் இருந்தது. இருவரும் சேர்ந்து சப்டைட்டில் எழுதிய படங்களெல்லாம் அதற்குள் ஒரே ஃபோல்டரில் கிடந்தன. அக்காவினுடையது விண்டோஸ். தங்கையினுடையது லினக்ஸ், திரையின் மூலையில் பென்குயின் உட்கார்ந்திருக்கும். இத்தனை வருடமாக இரண்டும் ஒன்றோடொன்று ஒழுங்காகப் பேசிக்கொண்டுதான் இருந்தன.

இவர்கள்தான் பேசிக்கொள்ளவில்லை. வேறு ஊரில் வேலைக்குச் சேர்வதாக ஒப்புக்கொண்ட பிறகுதான் தங்கை அதை வீட்டில் சொன்னாள். "தாராளமா போ. நீ இல்லாட்டி இங்க என்ன குடியா முழுகிடப்போகுது?" என்றாள் அக்கா. அதோடு சரி.

ஃபோல்டரை அக்காவின் கணினிக்கு நகலெடுத்துவிட்டால் கிளம்பலாம்.

"நேத்து நல்லாத்தானே திறந்துச்சு?"

"எனக்கென்ன தெரியும்? உன் பென்குயினைக் கேளு."

தங்கை சிரிக்கவில்லை. பென் டிரைவைத் தேடினாள். அது எந்தப் பெட்டிக்குள் போனதோ.

கேபிளைப் பிடுங்கி மறுபடி செருகினாள். அக்காவின் கணினியிலிருந்து தன் கணினியைக் கூப்பிட்டுப் பார்த்தாள், பதில் வந்தது. ஃபயர்வாலை அணைத்தாள். பழைய பாஸ்வேர்டை அழித்துவிட்டுப் புதிதாகத் தட்டினாள். இரண்டையும் ஒரு முறை அணைத்துப் போட்டாள்.

அக்காவால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. துடைத்த மேசையையே துடைத்தாள். ஜன்னலைத் திறந்தாள், மூடினாள். போகாதே என்பது ஒரு வார்த்தைதான். தொண்டைவரை வரும்போது அது வேறு ஏதாவது குத்தலாக மாறிவிடுகிறது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

தங்கையின் ஈரத் தலையிலிருந்து ஒரு சொட்டு தோளில் விழுந்தது. துவட்டிவிட அக்காவின் கை போயிற்று. பாதியில் இழுத்துக்கொண்டாள்.

கீழே ஹாரன் அடித்தது.

"அந்த ஆளுக்குக் கொஞ்சம்கூடப் பொறுமையே கிடையாதா?" அக்கா எரிந்து விழுந்தாள்.

தங்கை நாற்காலியைத் தன் கணினிப் பக்கம் திருப்பினாள். பகிர்வுக்கான அமைப்புக் கோப்பைத் திறந்து ஒவ்வொரு வரியாக இறங்கி வந்தாள்.

அக்கா மேசையைத் துடைப்பதை விட்டாள்.

ஃபோல்டரை யார் யார் திறக்கலாம் என்று சொல்லும் வரியில் எப்போதும் இரண்டு பெயர்கள் இருக்கும். இப்போது தங்கையின் பெயர் மட்டும் இருந்தது.

தங்கையின் விரல் நின்றது. கோப்பு கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்று பார்த்தாள். இன்று காலை. அவள் குளித்துக்கொண்டிருந்த நேரம். வீட்டில் இவர்கள் இருவரைத் தவிர வேறு யாரும் கிடையாது.

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக அழித்த விரல்களைத் துடைக்கும் துணிக்குள் சுருட்டி வைத்துக்கொண்டாள். ஒரு பெயரைத் தட்டுவதற்கு எவ்வளவு நேரம் ஆகிவிடும்? முதுகுக்குப் பின்னால் அந்தச் சத்தம் வரும் என்று காத்திருந்தாள்.

வரவில்லை. கோப்பை மூடும் ஒற்றைக் கிளிக் மட்டும் கேட்டது.

"அக்கா, கீழ போய் வண்டிக்காரரை அனுப்பிட்டு வா. இது பெரிய கோளாறா இருக்கு. இன்னிக்குள்ள சரியாகாது."