வெர்னா திறக்காத கேட்

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்துக் காலை வெயில், வெர்னாவின் குதிரைமசால் தீவன வயலில் இன்னும் பனியை உலர்த்தி முடிக்கவில்லை. பூட்டிய இரும்புக் கேட்டுக்கு வெளியே ராய்ஸ் நிற்கிறார். நரி போன்ற கொயோட்டிகளைச் சுடும் வேட்டைப் போட்டியின் தலைவர் அவர். பெல்ட்டின் பித்தளைப் பக்கிள் சாப்பாட்டுத் தட்டு அகலம் இருக்கிறது. மரமே இல்லாத சமவெளியில் ஒளிந்துகொள்ள, உடம்பு முழுக்க ஓக் இலை அச்சிட்ட உடை. பின்னால் இரண்டு வண்டிகளில் துப்பாக்கிகளோடு ஆட்கள்.

“திற, வெர்னா. உன் ஆட்டுக்குட்டிங்களக் காப்பாத்தத்தான் வந்திருக்கோம்.”

“என் குட்டி ஒண்ணுகூட குறையல. இங்க இருக்கிற கொயோட்டி ஜோடி ஆட்டத் தொடாது, வெளிக் கொயோட்டியையும் உள்ள விடாது. இதுங்களச் சுட்டுட்டா நாளைக்கு எதெது வருமோ, யாருக்குத் தெரியும்?”

அவளுக்குப் பின்னால் சாம்பல் நிறக் கொயோட்டி ஒன்று காதைச் சாய்த்து நிற்கிறது. நான்கு காலும் தரையை விட்டு எழும்ப வில்லாய் வளைந்து புல்லுக்குள் விழுகிறது. எலியோடு நிமிர்ந்து, தலைவரை ஒருமுறை பார்த்துவிட்டு விழுங்குகிறது.

“ஐயோ, நரிக்கு வக்காலத்தா!” என்று சிரிக்கிறார் ராய்ஸ்.

“போன வருஷம் உன் நிலத்துல ஒண்ணு விடாமச் சுட்டுக் கோப்பை வாங்கினியே, இப்ப உன் வயல் எப்படியிருக்கு?”

வண்டிக்குள் யாரோ இருமுகிறார்கள். எலிகள் வேரோடு தின்று சல்லடையாக்கிய அந்த வயலைப் பார்க்காதவர் அங்கே யாருமில்லை. ராய்ஸ் தொப்பியைச் சரிசெய்துகொள்கிறார்.

வெர்னா பூட்டை இழுத்துப் பார்க்கிறாள்.

“குளிர்காலத்துல உன் மாட்டுக்கு என் வயல் புல்லு வேணும்ல? அப்ப வா, தெறக்கிறேன். துப்பாக்கிய வீட்லயே வெச்சிட்டு வா.”