நாலாயிரம் கிலோமீட்டர்

தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவக் கொட்டகைக்குள் காலை வெயில் பனியை விலக்கிக்கொண்டு சாய்வாக விழுகிறது. முதுகுக் கூடையைக்கூட இறக்காமல் மரியநாயகி, பக்கத்து வீட்டு நிலக்ஷியின் கைப்பேசியையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். திரையில் விரிந்த வரைபடத்தில், நீலக் கடலின்மேல் மஞ்சள் விமானம் ஒன்று எறும்பாய் ஊர்கிறது. நான்கு வருடம் குவைத்தில் வீட்டுவேலை செய்த மகள் கேத்ரின் அதில்தான் வருகிறாள். "நாலாயிரம் கிலோமீட்டரு அக்கா. அஞ்சரை மணி நேரந்தான்," என்கிறாள் நிலக்ஷி. "அம்புட்டுத்தானா? கட்டுநாயக்க ஏர்போட்டுலயிருந்து நம்ம லயத்து வீட்டுக்கு வரவே அம்புட்டு நேரம் ஆகுமேடி!" சுற்றி நிற்கும் பெண்கள் குலுங்கிச் சிரிக்கிறார்கள், கொழுந்து நிறுப்பவர் தராசை விட்டுவிட்டு எட்டிப் பார்க்கிறார். "நான் என்னமோ அவ ஒலகத்துக்கு அந்தப் பக்கம் இருக்கான்னு நெனச்சுல்ல அழுதுக்கிட்டிருந்தேன்," என்கிறாள் மரியநாயகி. திரையில் விமானம் இலங்கைத் தீவின் கரையில் வந்து நிற்கிறது. சற்று நேரத்தில் கைப்பேசி அலறுகிறது. "அம்மா, எறங்கிட்டேன்!" நான்கு வருடமாய்ச் சேர்த்து வைத்த பேச்செல்லாம் முண்டியடிக்க, முதலில் வாயில் வருவது இதுதான். "இங்க குளிருதுடி, சுவெட்டர போட்டுக்கிட்டு பஸ்ஸு ஏறு!" என்று மரியநாயகி அதட்டுகிறாள். கன்னத்தில் கண்ணீர் வழிய, வாய்கொள்ளாச் சிரிப்போடு அவள் போடும் அதட்டல் மலைச்சரிவு முழுக்கக் கேட்கிறது.