பக்கத்து வீட்டுப் புகார்

"மேடம், உங்க நாய் குரைக்குதுன்னு பக்கத்து வீட்டுக்காரர் புகார் பண்ணியிருக்கார். உடனே வாங்க லா!" என்றார் போனில் அழைத்த கொண்டோ அடுக்குமாடிக் குடியிருப்பின் செக்யூரிட்டி.

வினோதினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஹமீது பாய்தான்! நாயின் எச்சில் பட்டால் ஏழு தடவை கழுவ வேண்டுமென்று, டப்பு ஏறிய லிஃப்டில் ஏறாமல் ஒதுங்கி நிற்பவர். டப்பு கிளம்பர் ஸ்பானியல், அரிய இனம். நாளெல்லாம் தூங்கும், குறட்டை விடும், எச்சில் வடிக்கும். குரைக்க மட்டும் செய்யாது.

இரவு வேலை முடிந்து தூங்கும் கணவன் கதிரவனை எழுப்ப மனமில்லாமல், அலுவலகத்திலிருந்து டாக்சி பிடித்து சிங்கப்பூர் காத்தோங்கில் இருந்த வீட்டுக்கு வந்தாள். வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக அவள் வீட்டு வாசலிலேயே நின்றிருந்தார் பாய்.

"ரெண்டு வருஷத்துல ஒரு தடவையாச்சும் இது குரைச்சுக் கேட்டிருக்கீங்களா?"

"கேட்டதில்லம்மா. அதனாலதான் உனக்குப் போன் பண்ணச் சொன்னேன். ஒரு மணி நேரமா கத்துது, பெல் அடிச்சும் யாரும் திறக்கல. மொதல்ல கதவைத் திறம்மா!"

சமையலறைத் தரையில் கிடந்தான் கதிரவன். சர்க்கரை நோயாளியான அவன், ரத்தத்தில் சர்க்கரை இறங்கி மயங்கியிருந்தான். அவன் மார்பை விட்டு நகர மறுத்த டப்புவை இரு கைகளாலும் கட்டிப்பிடித்து இழுத்தார் பாய்.

"நீ ஆம்புலன்சைக் கூப்பிடு!"

ஸ்ட்ரெச்சரில் கதிரவன் கண் விழித்த பிறகுதான் வினோதினி கவனித்தாள். பாயின் வெள்ளைச் சட்டை முழுக்க டப்புவின் எச்சில்.

"ஐயோ பாய், வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குக் கிளம்பியிருந்தீங்களே..."

"ஏழு தடவை கழுவிக்கிறேன். நீ புருஷனோட போ," என்றவர் டப்புவின் கழுத்துப்பட்டையை விடவேயில்லை. "இவனை நான் பார்த்துக்குறேன்."